அக்கினிக்கு இங்கே உறவுண்டு

போலந்தில் யாரும் சொல்லித்தராமல் எனக்குப் புரிந்த முதல் சொல் நெருப்பு. ஆப்பிள் அடுக்கும் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று, சுவரில் ஒட்டியிருந்த சிவப்பு எச்சரிக்கைத் தாளில் 'ஓகியேன்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் தீயின் படம். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அக்கினி. திருவிடைமருதூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் ஐயர் வாயிலிருந்து வருகிற சொல், இந்தக் குளிர் தேசத்தில் வேறு சட்டை போட்டுக்கொண்டு சுவரில் நிற்கிறது. புகைக்கு இங்கே 'டிம்'. அது வடமொழித் தூமம். விதவைக்கு 'வ்டோவா'. மூன்றுக்குச் சொல்கிற சொல்லில் திரிசூலத்தின் திரி ஒளிந்திருக்கிறது. தஞ்சாவூரில் மொழியியல் படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த உறவுமுறைகள் எல்லாம் இங்கே கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தன.

இதைப் பாஸ்கரிடம் சொன்னேன். பாஸ்கர் எங்கள் ஊர்தான். அவர் பெரிய தெரு, நான் காலனி. அவர்கள் வயலில் என் தாத்தா நாற்றுக்கட்டு சுமந்தார், என் அப்பா சேறு கலக்கினார். இங்கே இருவரும் ஒரே கிடங்கு, ஒரே அறை, ஒரே குக்கர்.

"அப்ப இவங்கல்லாம் நமக்குச் சொந்தமாடா?" என்றார் பாஸ்கர்.

"நமக்கு இல்லீங்க. வடமொழிக்குச் சொந்தம். தமிழ் வேற குடும்பம். நம்ம நெருப்புக்கும் புகைக்கும் இங்க ஒரு சித்தப்பன் மவன்கூடக் கிடையாது."

"போச்சுடா. இங்கயும் நமக்கு ஆள் இல்லியா?" சிரித்தார். "அப்புறம் இன்னும் என்னடா வாங்க போங்க? பேரச் சொல்லிக் கூப்புடு. யாரு பாக்கப் போறா?"

பேர் சொல்லிக் கூப்பிட என் நாக்குக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. ஊரில் அவர் வீட்டுப் படியில் நான் கால் வைத்ததில்லை. அவருடைய அப்பா செத்தபோது பறை அடித்தது எங்கள் ஆட்கள், சிதை அடுக்கியதும் எங்கள் ஆட்கள். ஆனால் வாய்க்கரிசி போட உறவுகள் வரிசையில் நின்றபோது நாங்கள் வேலியோரம் நின்றோம். சாகிறவன் வெறும் வாயோடு போகக்கூடாது என்று அரிசி போடுகிறார்கள். அந்த அரிசியை விளைவித்த கை அந்த வாய்க்குப் போகக்கூடாது. சின்ன வயதில் இதை நான் அதிசயமாக நினைக்கவில்லை. வெயில் அடிப்பதுபோல அதுவும் ஒன்று என்று இருந்தேன்.

போன மாசியில் ஒரு காலை பாஸ்கர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். உடலை அனுப்பக் காகிதங்கள் முடிய நாளாகும் என்றது கம்பெனி. அவருடைய அண்ணன் அங்கேயே எரித்துவிடச் சொன்னார். அவரிடம் போனில் பேசினேன்.

"நீ யாரு மவன்?"

"காலனி சின்னப்பன் மவன்ங்க."

"சரி சரி. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா. கம்பெனிக்காரங்களே பாத்துக்குவாங்க. நீ வெளிய நின்னுக்க, போதும்."

போலந்துக்கு வந்தும் வெளியே. அன்று சாயங்காலம் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பாஸ்கரின் மனைவி சுமதி. பக்கத்து வீட்டுப் போனில், குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அண்ணே, அவர் வெறும் வாயோட போவக்கூடாதுண்ணே. நீங்க போட்டுடுங்க. ஒரு பிடி போதும்."

"உங்க வீட்ல வேண்டாம்னாங்கம்மா."

"அவங்க சொல்லுவாங்க. சோறு பொங்கி ஒண்ணாத் தின்னது நீங்கதானே? போடுறேன்னு சொல்லுங்கண்ணே."

அந்தத் தெருவிலிருந்து எங்கள் ஆள் யாரையும் அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. போடுகிறேன் என்றேன்.

எங்கள் டப்பாவிலிருந்த அரிசியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பிணவறை வாசலில் ஒரு வயதான அம்மாள். உறவினர் மட்டும்தான் பார்க்கலாம், நீங்கள் இறந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். 'ப்ராட்' என்றேன். சகோதரன். வடமொழி ப்ராதாவின் கூடப்பிறந்த சொல். என் பாஸ்போர்ட்டையும் அவருடைய பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இங்கே அண்ணன் தம்பிக்கு ஒரே குடும்பப் பெயர் இருக்கும். எங்கள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் அவரவர் அப்பா பெயர்.

"பெயர் வேறாக இருக்கிறதே?"

"அப்பாக்கள் வேறு."

"அம்மா ஒன்றா?"

பையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காட்டினேன். இது என்ன என்றார். 'ரிஷ்' என்றேன். அரிசி. இதை வாயில் வைக்க வேண்டும், சொந்தக்காரர்தான் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த போலிஷில் சொன்னேன். ஏதோ வேறு மாதிரி புரிந்துகொண்டார் போல. அவனுக்குப் பசித்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கதவைத் திறந்துவிட்டார்.

பாஸ்கரின் உதடு குளிரில் இறுகியிருந்தது. அரிசி உள்ளே போகவில்லை. உதட்டின்மேல் கொஞ்சம், தாடியில் கொஞ்சம் நின்றது. "பாஸ்கரு" என்று கூப்பிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மந்திரம்.

சாம்பல் ஊருக்குப் போயிற்று. காவிரியில் கரைத்தார்கள். காரியம் முடிந்து சுமதி மறுபடி பேசினார். அழுதுகொண்டே சொன்னார். "வாய்க்கரிசி யாரு போட்டான்னு எல்லாரும் கேட்டாங்கண்ணே. உங்க பேரத்தான் நான் சொன்னேன். அவர் அண்ணன் மறிச்சு, அங்க ஒரு வெள்ளக்காரர் போட்டாராம்னு சொல்லிட்டார். எல்லாரும் நல்ல மனசுன்னாங்க."

ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓகியேனும் அக்கினியும் பிரிந்து பல்லாயிரம் வருடம் ஆனபின்னும் அறிஞர்கள் உட்கார்ந்து ரத்த உறவு என்று நிரூபித்திருக்கிறார்கள். அது நிஜம், நானே படித்தேன். பெரிய தெருவுக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். இரண்டு கரையிலும் ஒரே தமிழ். ரிஷ் என்ற சொல்லுக்கு இங்கே பிறப்புறவு கிடையாது. அது சரக்கோடு சரக்காகப் பல கை மாறி வந்த சொல். எங்கள் பக்கத்து அரிசியிலிருந்துதான் புறப்பட்டது என்பார் உண்டு, உறுதியில்லை என்பாரும் உண்டு.

வாய்க்கரிசியில் மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று பையை உதறாமல் அறைக்கு வந்துவிட்டேன். உதறிவிட்டு உள்ளே வர, இந்த ஊரில் எது என் வீடு, எது வெளி என்று எனக்குப் பிடிபடவில்லை. இப்போதும் குளிருக்குக் கையைக் கோட்டுப் பையில் விட்டால், தையல் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு அரிசி விரலில் படுகிறது.