ஹுஜெஃபாவும் ஏசுரத்தினமும்

மூக்குக்கண்ணாடி போதாதென்று கையில் பூதக்கண்ணாடியும் பிடித்தபடி, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரை எழுத்தெழுத்தாக முணுமுணுத்துக்கொண்டிருப்பார் ஏசுரத்தினம். யாங்கோன் நகரின் கியாக்டடாப் பகுதியில், பேருந்துகள் அலறும் தெருவில் ஒரு தேவாலய அலுவலகம். முப்பது வருடமாக அங்கே எழுத்தர். நர்கிஸ் புயலில் நனைந்த ஏடுகளைப் படியெடுத்தது அவர்தான். "கண்ணு பாக்குறததான் கை எழுதணும். மூளைய உள்ள விடப்படாது" என்பார்.

மதியம் மீன்சாறு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடும்போது பேச்சு எகிப்துக்குப் போய்விடும். பிரமிடு கட்டிய ராஜாக்களை அவர் மதிப்பதில்லை. பெயர் மட்டும் மிஞ்சியவர்கள்தான் பிடிக்கும். அதிலும் ஹுஜெஃபா. "சிலை இல்ல, கல்லறை இல்ல. பழைய ராஜாக்க பட்டியல்ல பேரு மட்டும் இருக்கு. எத்தன காலம் ஆண்டாருன்னு கணக்குகூட இருக்கு. பாவம், நாமளாவது அவர் பேரச் சொல்லணும்."

போன மாதம் செல்பேசியில் ஒரு கட்டுரை படித்தார். ஹுஜெஃபா என்பது பெயரே இல்லையாம். 'இங்கே அழிந்திருக்கிறது' என்று பொருளாம். மூலச்சுவடி சிதைந்திருந்த இடத்தில் ஓர் எழுத்தர் நேர்மையாகக் குறித்து வைத்த சொல். அதை இன்னொருவர் பெயரென்று நினைத்து, அரசர் பெயரைச் சுற்றி இடும் வளையத்தையும் போட்டுக் கல்லில் வெட்டிவிட்டார்.

"ஆமலே!" என்று பர்மியரைப் போலவே பதறினார் ஏசுரத்தினம். கரண்டி பாதி வழியில் நின்றது. நெஞ்சுக்குள் வேறொரு பெயர் இடித்தது: டெலேட்டுஸ்.

எழுந்து போய்ப் பழைய ஏட்டைத் திறந்தார். அதற்கும் முந்தைய ஏட்டைப் பார்த்துப் பிரெஞ்சுச் சாமியார் ஒருவர் எழுதிய லத்தீன் கையெழுத்து. ஒரு பக்கத்தில் ஞானத்தாய் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் டெலேட்டுஸ். இன்னொரு பக்கத்தில் பிறந்த தேதிக்கான கட்டத்திலும் டெலேட்டுஸ். அதையும் ஏசுரத்தினத்தின் கை அப்படியே படியெடுத்திருந்தது. மாடியில் இருந்த வயதான சாமியாரிடம் ஓடினார்.

"அழிஞ்சு போச்சுன்னு அர்த்தம், ஏசுரத்தினம். ஏன், என்ன ஆச்சு?"



மாவ்பியிலிருந்து ஷீபா என்ற பெண் இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தாள். அநாதை விடுதியில் வளர்ந்த அவள் அப்பா, தன் தகப்பன் பெயர் தெரியாமலே இறந்தவர். ஏசுரத்தினம் அவள் அப்பாவின் பதிவைத் தேடிப் பிடித்து, 'தகப்பன்: டெலேட்டுஸ்' என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். யாரோ புனிதரின் பெயர் என்றுதான் நினைத்திருந்தார். அவள் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அடுத்த வருடம் பிறந்த மகனுக்கு அதே பெயரை வைத்தாள்.

"பேசாம இருங்க. யாரு இப்ப லத்தீன் படிக்கப் போறா?" என்றாள் மனைவி ஜூடித். அவர் இரண்டு நாள் பேசாமல்தான் இருந்தார். மூன்றாம் நாள் காலையில் பேருந்து ஏறிவிட்டார்.

ஷீபா வாசலில் கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "வாங்க சயா! உள்ள வாங்க!" என்று பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ராஜாவைப் பற்றியும் சொன்னார், அது எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. பிறகு, தகப்பன் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு எழுதிய புதுச் சான்றிதழை நீட்டினார்.

அவள் அதை வாங்கவில்லை.

"அப்ப எங்க தாத்தாவுக்குப் பேரே இல்லியா?"

"இருந்துச்சும்மா. அந்தப் பிரெஞ்சுச் சாமியார் பாக்குறப்பவே அழிஞ்சு கெடந்திருக்கு. தெரியாம நான் எழுதிட்டேன்."

"ஊரே எம் புள்ளைய அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிடுது, சயா. நான் இனிமே இவன என்னன்னு கூப்பிடுவேன்?"

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு, உள்ளே விளையாடிக்கொண்டிருந்த குழந்தை தத்தித் தத்தி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அம்மாவையும் புது ஆளையும் மாறி மாறிப் பார்த்தது. உதடு பிதுங்கியது.

குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்த ஏசுரத்தினம் அப்படியே நின்றார். பிறகு காகிதத்தைத் தரையில் வைத்துவிட்டு, மெல்லக் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டினார்.