என் வலையில் குந்திய நாயை அம்மாள் எழுப்பினாள்

அன்று என் விசாவின் கடைசி நாள். விமானத்தைத் தவறவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் பாதியில் நிற்கும் வீடு பாதியில்தான் நிற்கும். அந்த நாளில் பார்த்து விமான நிலையத்தில் ஒரு நாய் என் வலையில் குந்திவிட்டது. எழும்பவில்லை. அதை எழுப்பியது யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கோயில் தெய்வமான அம்மாளின் பிள்ளைகள் எல்லோருக்கும் வணக்கம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இருப்பது மட்டக்களப்பில், குருக்கள்மடத்துக்குப் பக்கத்தில். தொழில் மீன்பிடி. அம்மாளைக் குளிர்விக்கிற வைகாசிக் குளிர்த்தித் திருவிழா மலருக்கு எழுதித் தரும்படி, கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் கேட்டார். "நீ வாயத் துறக்க மாட்டாய். எழுதியாவது தா" என்றார்.

முதலில் கடலைச் சொல்ல வேண்டும்.

சுனாமி வந்த காலை நான் ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். தம்பியின் பெயரைச் சொல்லி அம்மாளைக் கூப்பிட்டேன். தொண்டை அடைக்கும்வரை கூப்பிட்டேன். தண்ணீர் வடிந்தது. தம்பி வரவில்லை. தோணியும் வீடும் போயின. அவை போகட்டும். தம்பியைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன்.

அன்றோடு அம்மாளுக்கும் எனக்கும் பேச்சு நின்றது. கோயில் வாசலால் போனால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். வீட்டில் என் மனுசி விளக்கு வைப்பாள். எண்ணெய் மட்டும் நான் வாங்கிக் கொடுப்பேன். இப்படி நாலு வருஷம் போனது.

அகதி முகாமில் இருந்தபோது செய்ய வேலை இல்லை. நூல் எடுத்து ஒரு வீச்சுவலை முடிந்தேன். அதன் விளிம்பில் கட்டும் ஈயமணிகளையும் நானே வார்த்தேன். பிறகு கடலுக்குப் போகவில்லை. வாவியில் அந்த வலையைத்தான் வீசினேன். சண்டைக் காலம். ஆமி தண்ணீரில் இறங்கு என்றால் இறங்க வேண்டும், ஏறு என்றால் ஏற வேண்டும். பிடிக்கிற மீன் சட்டிக்கே காணாது. அப்போதுதான் வளைகுடா நாட்டில் இருந்த மனுசியின் தம்பி சிவம் எனக்கு ஒரு துப்புரவு வேலை எடுத்துத் தந்தான். விசா வந்தது. தொலைபேசியில் இன்னொன்றும் சொன்னான்.

"அத்தான், இஞ்ச மீனெல்லாம் கரைக்கு வந்து நம்மளப் பாத்துக்கொண்டு நிக்கிது. புடிக்க ஆளில்ல. உங்கட வலையக் கொண்டு வாங்க."

நான் சரி என்றேன். மனுசி சரி என்று சொல்லவில்லை.

"ஊர் உலகத்தில ஆராவது பிளேனில வலை கொண்டு போவாங்களா? தோணியையும் தலையில வச்சிக்கொண்டு போங்களன்."

ஆனாலும் வலையைச் சவுக்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாள். வேலியில் காயப் போட்டாள். "இனி மீனே வந்து மணந்து பாத்தாலும் தெரியாது" என்றாள்.

எங்கள் வீட்டில் வலையைக் காலால் கடக்க விடமாட்டோம். கடந்தால் மீன் படாது. விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டிகளோடு போட்டால் யார் யார் கடப்பார்களோ தெரியாது. ஆகவே பெட்டியைத் தனியாக வைத்துவிட்டு, வலையை உரப்பை ஒன்றில் போட்டுத் தோளில் கொழுவிக்கொண்டேன்.

மட்டக்களப்பில் இருந்து வேன். அதே வேனில் பூரணம் என்று ஒரு பெண் ஏறினாள். செங்கலடி ஊர்க்காரி. வீட்டு வேலைக்கு மூன்றாம் முறை போகிறாள். எனக்கும் அவளுக்கும் ஒரே விமானம். கொழும்பில் வேலை செய்ததால் சிங்களம் நன்றாகக் கதைப்பாள். தமிழ் அதைவிட அதிகமாகக் கதைப்பாள்.

வழி நெடுக செக்பொயின்ட். மற்றவர்களின் பைகளைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். என் உரப்பையைத் திறந்த ஆமிக்காரன் ஒவ்வொருவனும் மணந்து பார்த்தான். "மாளு" என்றான். சிங்களத்தில் மீன் என்று அர்த்தம். மூடித் தந்தான்.

"அண்ணே, உங்கட அடையாள அட்டையவிட வலைக்குத்தான் மரியாதை" என்றாள் பூரணம்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்போடுதான் விமான நிலையத்துக்குள் போனேன்.

கொண்டுபோன பெட்டி பிரச்சினை இல்லாமல் உள்ளே போய்விட்டது. கைப்பையைச் சோதிக்கிற இயந்திரத்தில் உரப்பையை வைத்தேன். பட்டி ஓடியது. நின்றது. பின்னுக்கு வந்தது. திரும்ப முன்னுக்குப் போனது. இயந்திரத்தடியில் வேலைக்கு இருந்த பெண்பிள்ளை திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். நூல் ஒன்றும் தெரியவில்லை. மணிகள் மட்டும் தெரிந்தன. கறுப்பாக, வட்டம் வட்டமாக, நூற்றுக் கணக்கில். அந்த நாளில் கிளைமோர்க் குண்டுக்கு எல்லோரும் பயம். அதற்குள் இருப்பதும் சின்னச் சின்ன இரும்பு உருண்டைதான். என் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் மட்டக்களப்பு. வன்னியில் சண்டை முடிகிற நேரம்.

இரண்டு பேர் வந்து என் இரண்டு கையையும் பிடித்தார்கள்.

பூரணத்தை ஒருவரும் பிடிக்கவில்லை. அவள் பேசாமல் போயிருக்கலாம். "இந்த ஆளுக்குச் சிங்களம் தெரியா. நான் சொல்லுறன்" என்று தானாக முன்னுக்கு வந்தாள். உடனே அவளுடைய பையையும் பிரித்தார்கள். மிளகாய்த்தூள் இரண்டு கிலோ இருந்தது. பிரித்தவன் தும்மினான்.

ஒரு அறைக்குக் கொண்டு போனார்கள். அங்கே பெரிய மீசை வைத்த அதிகாரி ஒருவர். மலைநாட்டு ஆள் என்று பிறகு பூரணம் சொன்னாள். வலையைக் கண்ணால் கண்டிராத மனுசன். நிலத்தில் கிடந்த உரப்பையைக் காட்டி, இது என்ன என்றார்.

"வலை" என்றேன்.

பூரணம் அதைச் சிங்களத்தில் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் எடுத்த நேரத்தில் நான் அரை வலை முடிந்திருப்பேன்.

எங்கே வாங்கினது என்று கேட்டார்.

"வாங்கல்ல. நான் செஞ்ச."

மணிகள்?

"அதுவும் நான்தான் வார்த்த."

எதில் இருந்து?

"பழைய பற்றரி ஈயத்தில."

பூரணம் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, பற்றரியக் கட்டாயம் சொல்லணுமா?"

"உண்மைதானே."

"உண்மைதான். ஆனா இப்ப வேணாம். கடையில வாங்கின எண்டு சொல்லட்டா?"

"எந்தக் கடை எண்டு கேப்பாங்க."

பெருமூச்சு விட்டாள். சொன்னாள். அதிகாரி கதிரையை விட்டு எழும்பினார். நாயைக் கொண்டு வரச் சொன்னார்.

கபில நிற நாய். நல்ல வளர்ப்பு. கூட ஒரு ஆள், கையில் வார். அந்த நாய்கள் வெடிமருந்தை மணந்தால் குரைக்காதாம். பேசாமல் குந்துமாம். இதையும் பூரணம்தான் சொன்னாள். நாய் முதலில் அவளுடைய மிளகாய்த்தூளுக்குப் போய்த் தும்மியது. பிறகு என் உரப்பைக்கு வந்தது. மூக்கை உள்ளே விட்டது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தது. பையைக் காலால் விறாண்டி வலையை வெளியே எடுத்தது. அதன் நடுவில் குந்தியது.

எல்லோரும் பின்னுக்குப் போனார்கள். அதிகாரியின் கதிரை விழுந்தது. நாயின் ஆள் வாரை விட்டுவிட்டுத் தூர நின்று கூப்பிட்டான். நாய் கேட்கவில்லை. எங்களைச் சுவரைப் பார்த்து நிற்க விட்டார்கள். வெடிகுண்டு பிரிக்கிறவர்கள் வர வேண்டுமாம். அதற்கு இரண்டு மணித்தியாலம். அதன் பிறகு விசாரணை. விமானத்துக்கு இருந்தது ஐம்பது நிமிஷம்.

"ரெண்டு தரம் போய் வந்தன். என்னை ஒருத்தனும் மறிக்கல்ல" என்று சுவருக்குச் சொன்னாள் பூரணம். "இப்ப உங்கட மீன் நாத்தத்தால நானும் உள்ளுக்குப் போகப் போறன்."

"மனுசி கழுவின."

"என்னத்தால? மீன் கழுவின தண்ணியாலயா?"

பூரணம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கும்பிடுங்க அண்ணே."

"நான் கும்பிடுறல்ல."

"ஏன்?"

"கோவம்."

"கோவத்தோட கும்பிடுங்க. நேரம் போகுது."

நெற்றி சுவரில் முட்ட நின்றேன். நாலு வருஷத்துக்குப் பிறகு என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. மனதுக்குள் இப்படிச் சொன்னேன்: தாயே, தம்பியைக் கேட்டேன், நீ தரவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. இப்போது அதைக் கேட்கவில்லை. பூரணம் பாவம், எனக்காக வந்து மாட்டிக்கொண்டாள். இந்த நாயை எழுப்பி விடு. அது காணும்.

குளிர்த்திக்கு வருவேன் என்றும் சொன்னேன். லஞ்சம் போல இருக்கிறதே என்று பிறகு யோசித்தேன். சொன்னது சொன்னதுதான்.

சொல்லி முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் நறுக் நறுக் என்று சத்தம். திரும்பக் கூடாது என்று கட்டளை. திரும்பினேன்.

நாய் தலையை வலைக்குள் விட்டிருந்தது. வால் ஆடியது. தலையை வெளியே எடுத்தபோது வாயில் ஒரு மணலை மீன். விரல் நீளம்தான் இருக்கும். காய்ந்து சுள்ளி போல இருந்தது. மூன்று கழுவலுக்கும் தப்பி, அடி மடிப்பில் சிக்கிக் கிடந்திருக்கிறது. நாய் அதைத் தலையோடு தின்றது. உதட்டை நக்கியது. எழும்பியது. நல்ல பிள்ளையாகத் தன் ஆளிடம் போய் அடுத்த மீனுக்கு நின்றது.

அந்த ஆள்தான் முதலில் சிரித்தான். பிறகு மற்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. வலை என்றால் வீசிக் காட்டு என்றார்.

வாழ்க்கையில் நான் சப்பாத்தோடு வலை வீசியதில்லை. கழற்றி வைத்தேன். கயிற்றை மணிக்கட்டில் கொழுவினேன். ஒரு மடிப்பை முழங்கையில் போட்டேன். விளிம்பு மணி ஒன்றைப் பல்லில் கவ்வினேன். அதற்கும் இரண்டு பேர் பின்னுக்குப் போனார்கள்.

"எங்க வீச?" என்று கேட்டேன். பூரணம் கேட்டுச் சொன்னாள். அதிகாரி கையைத் தன் மேசைப் பக்கம் ஆட்டினார். அங்கே எங்கேயாவது என்று சொல்லியிருப்பார். எனக்கு மேசை என்றுதான் பட்டது.

வீசினேன். வாவியில்கூட அந்த வலை அப்படி விரிந்ததில்லை. முழு வட்டம். மேசை, கதிரை, பாதி அதிகாரி, எல்லாவற்றையும் மூடி விழுந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வீசின வலையை இழுக்காமல் விட எனக்குத் தெரியாது. கை தானாக இழுத்தது. தொலைபேசி வந்தது. இரண்டு பைல் வந்தன. தேத்தண்ணிக் கோப்பை வந்தது. அதிகாரியின் தொப்பியும் வந்தது.

அதிகாரி குனிந்து, தொப்பியை வலையில் இருந்து தானே கழற்றினார். தட்டித் தலையில் போட்டார். ஏதோ கேட்டார்.

"ஒரு வீச்சுக்கு எவ்வளவு படும் எண்டு கேக்கிறார் அண்ணே."

"நாளப் பொறுத்தது" என்றேன்.

பூரணம் நீளமாகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டு முடிய அதிகாரிக்கு மீசை ஆடியது. பிறகு வயிறு ஆடியது. சிரித்து முடித்து ஒரு துண்டு எழுதினார். எங்களோடு ஒரு ஆளை ஓட விட்டார். ஆனால் வலையைக் கையில் கொண்டு போக முடியாது, விமானத்தின் அடியில்தான் போட வேண்டும் என்றார்.

"காலால கடக்கக் கூடா" என்றேன்.

"இப்பயுமா அண்ணே?" என்றாள் பூரணம். ஆனாலும் சொன்னாள். அதிகாரி சாமான் ஏற்றுகிற தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். அவர் வலையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். எங்கள் ஊரில்கூட வலைக்கு அந்த மரியாதை இல்லை.

கதவு மூடுகிற நேரம் ஏறினோம். இருக்கையில் இருந்த பிறகுதான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன்.

சிவம் சொன்ன கரையில் மீன் இருந்தது உண்மை. வலை வீசத் தடை இருந்ததும் உண்மை. அதை அவன் சொல்லவில்லை. வலை இரண்டு வருஷம் என் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. நான் அங்கே இருந்த முதல் வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தது. தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் அறையில் இருந்த ஏழு பேரும் அன்று சாப்பிடவில்லை.

மூன்றாம் வைகாசிக்குத்தான் ஊர் வர முடிந்தது. ஒப்பந்தம் அப்படி. அம்மாளுக்குத் தெரியும். வீட்டுக்குக் கூரை போட்ட கையோடு குளிர்த்திக்குப் போனேன். பூசை செய்கிற கட்டாடியார் வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார். என் மேல் பட்டபோது தம்பியின் பெயர் வாயால் வந்தது. சத்தமாகவே வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அவன் பெயர் ரவீந்திரன். முப்பது வயதுகூட ஆகவில்லை.

மனுசி இன்றும் சொல்கிறாள்: "நான் வடிவாக் கழுவாததாலதான் நீங்க தப்பினீங்க. அம்மாளுக்கு என்னத்துக்கு அந்தப் பேர்?" நான் வாதாடுவதில்லை. நாய்க்குப் பசி இருந்தது என்று சொல்கிறவர்களோடும் வாதாடுவதில்லை. மூன்று தரம் சவுக்காரம் போட்டும் அந்த மணலையை மடிப்புக்குள் பிடித்து வைத்திருந்த கை எது என்று எனக்குத் தெரியும்.

தம்பியை ஏன் தரவில்லை என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போது தினமும் விளக்கு வைக்கும்போது கேட்கிறேன். முன்பு மனுசி வைப்பாள். இப்போது நான் வைக்கிறேன். சில நாள் கோபித்துக்கொண்டு கேட்கிறேன். சில நாள் கேட்டுவிட்டு அப்படியே இருந்து விடுகிறேன். அந்த நேரத்தில் வீட்டில் தனியாக இருப்பது போல இல்லை.

உங்களில் யாராவது அம்மாளோடு பேச்சை விட்டிருந்தால், பெரிய வார்த்தை தேட வேண்டாம். எனக்கும் பெரிய வார்த்தை தெரியாது. உங்களுக்கு இன்றைக்கு என்ன இடைஞ்சலோ அதை மட்டும் சொல்லுங்கள். அவள் அந்தச் சின்னதைச் செய்து தருவாள். பெரியதைக் கேட்கத் திரும்பவும் அவளிடம்தான் போவீர்கள்.