மெலேசியோவின் மாத்திரையை லொரேட்டா விழுங்கிய கதை

கோபமே வராத மனிதனுக்கு எதற்கு இந்த மாத்திரை? மெலேசியோ தன் அக்கா சியோனிடம் இப்படித்தான் கேட்டான். படகுத்துறையில் நின்றவர்களுக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

மஸ்பாத்தே என்னும் பெரிய தீவுக்குப் பக்கத்துச் சின்னத் தீவு அது. அங்கே சுகாதாரப் பணியாளர் சியோன்தான். ஒரு நீலச் சட்டை, ரத்த அழுத்தம் பார்க்கும் முள் கருவி, மூன்று நாள் பயிற்சி. இவ்வளவுதான் நகரத்துச் சுகாதார நிலையம் அவளுக்குக் கொடுத்தது. மாதம் ஒருமுறை படகேறிப் போய் நகரத்திலிருந்து மாத்திரை வாங்கி வருவாள். மற்ற நாளெல்லாம் கருவாடு காயவைக்கும் வேலை.

தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. கடலுக்கடியில் மீன் பிடிக்கிறவர்களுக்குக் குழாய் வழியாகக் காற்று அனுப்பும் கம்ப்ரஸர் அவன் பொறுப்பில் இருந்தது. அதிர்ந்து பேசத் தெரியாதவன். அவனுக்குத்தான் கருவி நூற்றுத் தொண்ணூறு காட்டியது. அவர்கள் அண்ணன் கிரிசாந்தோவும் இதே எண்ணோடு திரிந்தவன்தான். ஐம்பது வயதில் வலைமேல் சரிந்து விழுந்தான். வலது கையும் காலும் இன்றுவரை விளங்கவில்லை. இன்னொருவனையும் அப்படித் தூக்கிக்கொண்டு வரச் சியோனுக்குத் தெம்பில்லை.

"உனக்கு ஹைபிளட்டுடா. தினம் காலையில ஒண்ணு போடு."

"எனக்கா மனாய்? நான் யாரையாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?" அக்காவை அங்கே மனாய் என்பார்கள்.

பக்கத்துப் படகுக்காரன் சிரித்தான். "ஹைபிளட்டுன்னா இவன் பொண்டாட்டி லொரேட்டாதான். நேத்து பானை பறந்து வந்துச்சு, எங்க வாசல் வரைக்கும்!"

அந்தத் தீவில் ஒருவர் கோபத்தில் கொதித்தால், ஹைபிளட் ஆகிவிட்டார் என்பார்கள். சுகாதார நிலையமும் நோய்க்கு அதே சொல்லைத்தான் சொன்னது. இரண்டும் ஒன்றுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சியோனே பாதி அப்படித்தான் நினைத்தாள். பயிற்சியில் யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

மெலேசியோ மாத்திரை அட்டையை வாங்கிப் போனான். மாதக் கடைசியில் அட்டை காலி. சியோனுக்குச் சந்தோஷம். ஆனால் எண் மட்டும் இறங்கவில்லை. உப்புதான் காரணம் என்று முடிவு கட்டி, உப்பில் ஊறிய மீனைத் தொடக்கூடாது என்று தம்பி வீட்டில் போய்ச் சொன்னாள்.

"அப்ப சோத்துக்கு எதைத் தொட்டுக்கறது மனாய்? உங்க நீலச் சட்டையையா?" என்றாள் லொரேட்டா.

மூன்றாம் மாதம் ஒரு நண்பகல். கருவாட்டுப் பந்தலடியில் மீன் வியாபாரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த லொரேட்டா, பாதி வசவில் நிறுத்தினாள். கண் செருகி மணலில் சாய்ந்தாள். சியோன் ஓடிவந்து அவள் காலை மீன்கூடைமேல் தூக்கி வைத்துவிட்டுக் கருவியைச் சுற்றினாள். எண்பத்து நாலு.

"என்னடி தின்னே?"

"மாத்திரைதான்." குரலே எழும்பவில்லை. "காலையிலேர்ந்து ரெண்டு தடவ ஹைபிளட் ஆச்சு. ரெண்டு போட்டேன்."

"யார் மாத்திரை?"

"அவருக்குக் குடுத்தது. அவருதான் எடுத்துக் குடுத்தாரு. வீட்டுல ஹைபிளட் ஆகறது நான்தானே மனாய்?"

சியோனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூன்று மாதமாகத் தம்பி வாயில் ஒரு மாத்திரைகூடப் போகவில்லை.

லொரேட்டா தெளியும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் தம்பியைத் திட்டித் தீர்ப்பதற்கென்றே படகுக்குப் போனாள். அவன் கம்ப்ரஸரை ஓடவிட்டு, அதன் காற்று டாங்கியின் முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். திட்ட வந்தவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த முள்ளு சிவப்புக்குப் போனா, டாங்கிக்குக் கோவம்னு அர்த்தமாடா?"

"டாங்கிக்கு ஏது கோவம்? உள்ள அழுத்தம் ஏறிப்போச்சு, அவ்வளவுதான்."

"சத்தம் காட்டுமா?"

"காட்டாது. அதானே முள்ளையே பாத்துட்டு இருக்கேன். அசந்தா குழாய் பிச்சிக்கும்."

அவன் இயந்திரத்தை நிறுத்தியதும் சியோன் தன் கருவியை அவன் கையில் சுற்றி, முள் இருந்த வட்டத்தை அவன் பக்கம் திருப்பினாள். "இதுவும் முள்ளுதான். நீயே பாரு."

நூற்றுத் தொண்ணூற்று நாலில் முள் துடிக்கத் தொடங்கியது. மெலேசியோ தன் கம்ப்ரஸர் முள்ளைத் திரும்பிப் பார்த்தான்.

"எனக்குக் குழாய் எங்க பிச்சிக்கும் மனாய்?"

"அண்ணனுக்குத் தலையில பிச்சிக்கிச்சு."

அங்கேயே அவளிடம் மாத்திரையும் தண்ணீரும் கேட்டு வாங்கி விழுங்கினான். அன்றிலிருந்து தினமும் மாத்திரையைப் போட்ட பிறகுதான் கம்ப்ரஸரைக் கிளப்புகிறான்.

நோய்க்கும் கோபத்துக்கும் ஏன் ஒரே சொல் என்றும், பரிசோதனை ஏன் பத்து மணிக்கு என்றும் சியோன் நகரத்து நர்ஸிடம் போய்ச் சண்டை போட்டாள். "காகிதத்துல அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் நர்ஸ். "காகிதம் எங்க தீவுக்கு வந்து பார்க்கட்டும்" என்றாள் சியோன். இப்போது தீவில் நோய்க்கு அந்தப் பழைய சொல் கிடையாது. "முள்ளு ஏறியிருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். பரிசோதனையும் முன்போலப் பத்து மணிக்கு ஊர்க்கூடத்தில் நடப்பதில்லை. அந்த நேரத்தில் ஆண்களெல்லாம் கடலில் இருப்பார்கள். விடியலில், படகு கிளம்புமுன் துறையிலேயே பார்க்கிறாள்.

இரண்டு மாதம் கழித்து மெலேசியோவுக்கு நூற்று ஐம்பத்திரண்டு. இன்னும் இறங்க வேண்டும். நகரத்தில் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி, மாத்திரையை மூடி வைத்திருக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால், அவர் வீட்டில் இந்த நோய்க்கு என்ன பெயர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.