மீன் எண்ணெய் தடவிய போர்க்கப்பல்

திருப்பாலைவனத்தில் பஸ் ஏறிய கையோடு போனில் அந்தச் செய்தி வந்தது. "டீச்சர், தம்பி பூட்டான்" என்றார் ஏழுமலை சாரின் அண்ணன் தேசப்பன். பழவேற்காடு வரை நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது.

ஏழுமலை சார் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர். கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் படகில் ஏறினால் குமட்டும். அதைச் சொல்லி நாங்கள் அவரை ஓட்டாத நாளில்லை. "அதான் டீச்சர், நானே ஒரு கப்பல் கட்டிக்கிறேன். அது ஆடாது" என்பார். கட்டவும் தொடங்கினார். டச்சுக்காரர்கள் இந்தக் கரைக்கு வந்த காலத்துப் பாய்மரப் போர்க்கப்பல், மேசை நீளத்துக்கு. தேக்கை மெல்லிய சீவல்களாக அறுத்து, வெந்நீரில் ஊறவைத்து வளைத்து, சட்டத்தின்மேல் பசை போட்டு ஒவ்வொன்றாக ஒட்டினார். பீரங்கி வாசல்களுக்குத் திறந்து மூடும் கதவு வேறு. ஃபேன் காற்றில் பறந்துபோன அந்தக் கதவுகளைத் தேடி, ஸ்டாஃப் ரூம் தரையில் தலைமையாசிரியர் உட்பட எல்லோரும் தவழ்ந்திருக்கிறோம்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது கப்பல் பாதியில் நின்றது; அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். டயாலிசிஸுக்குச் சென்னை போவதும் வருவதுமாக இருந்தார். "கப்பல் பாய் விரிச்சு ஒரு தபா ஏரியில நிக்கணும் டீச்சர். அத்த பாத்துட்டா போதும்" என்றார்.

அப்படி அவர் போயிருந்த ஒரு நாளில், அண்ணன் கப்பல் முழுக்க மீன் எண்ணெய் தடவிவிட்டார். புது மரப்படகுக்கு அங்கே அதுதான் முதல் மரியாதை; எண்ணெய் குடித்த மரத்தை உப்புத் தண்ணீர் சீக்கிரம் தின்னாது. இப்போது அண்ணனிடம் இருப்பதோ ஃபைபர் படகு. தடவ ஒரு மரம் கிடைத்ததும் மனிதர் விடவில்லை. ஒட்டாமல் மிச்சமிருந்த சீவல்களையும் முக்கி எடுத்திருந்தார். எண்ணெய் ஏறிய மரத்தில் பசை பிடிக்காது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர்கள் படகைப் பசை போட்டா கட்டினார்கள்?

சார் திரும்பி வந்தபோது நானும் அவர் வீட்டில் இருந்தேன். "இன்னா தம்பி, மினுமினுனு கீதா?" என்று அண்ணன் கேட்டார். சார் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சூப்பரா கீதுண்ணா. கடலுக்கே வுடலாம்" என்றார். அண்ணன் டீ வாங்கப் போனதும் என் பக்கம் திரும்பினார். "அண்ணனாண்ட சொல்லிடாதீங்க டீச்சர். எனக்காக இன்னா செய்றதுனு தெரியாம தவிச்சினு இருந்தாரு. இத்தயாவது செஞ்சாரே."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், தின்னர் வைத்துத் துடைத்தார். இன்று ஒட்டிய பலகை நாளை எழும்பும். புது மரம் வாங்கி முதலிலிருந்து தொடங்கலாமே என்றேன். "தொடங்கலாம்" என்று சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கை. கப்பலுக்கும் சரி, அவருக்கும் சரி, எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் கப்பலைத் துண்டில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "உங்களாண்ட குடுக்க சொன்னான்." பாய்மரம்கூட நடாத கப்பல். மேசைமேல் வைத்ததும் ஒரு பலகை எழும்பியது. கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்ததும் மறுபடி எழும்பியது.

"எண்ணெ பத்தல போல கீது டீச்சர். இன்னொரு தபா தடவட்டா?"

சாரை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். அண்ணன் இதையெல்லாம் படிக்கிறவர் இல்லை. தயவுசெய்து நீங்களும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். சார் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கப்பலையும் இந்த ஒரு பேச்சையும்தான்.

"தடவுங்கண்ணா" என்றேன். வீட்டில் இன்னும் மீன் எண்ணெய் வாடை போகவில்லை. போகட்டும் என்று நான் ஜன்னலைத் திறக்கவும் இல்லை.