வெறும் கேஸு

மேல்வயிற்றிலிருந்து முதுகு வரைக்கும் இழுத்த வலியை அப்பா ‘கேஸு’ என்றே சொல்லி, சோடா குடித்தே மாதக்கணக்கில் சமாளித்தார். கணையப் புற்றுநோய் என்று தெரிந்தபோது டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அவர் நினைவாக, அந்த நோயின் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, போன ஞாயிறு பாண்டி கடற்கரைச் சாலையில் உண்டியலோடு நின்றேன். “அப்பா குடிப்பாரா?” என்றுதான் பாதிப் பேர் கேட்டார்கள். பாண்டிக்காரர் என்றாலே அந்தக் கேள்விதான். சாராயக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத மனுஷன் அவர்.

ஒரு பெரியவர் மட்டும் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, காசு போட்டார். பிறகு வயிற்றைத் தடவிக்கொண்டே, “எனக்கும் இங்கதான் வலிக்குது. முதுகு வரைக்கும் இழுக்குது” என்றார்.

“உடனே போய் ஸ்கேன் எடுங்க ஐயா.”

“அட, எனக்கு அதெல்லாம் இல்ல தம்பி. இது வெறும் கேஸு” என்றவர், சோடா வாங்கப் போனார்.