இரவல் சக்கர நாற்காலி

என் அக்காவின் தலையருகே அந்தக் கருவி எழுப்பிய ‘டக் டக்’ ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. அக்காவுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். இடக்கை எப்போதும் மூடியே இருக்கும். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். இருபது வயதைக் கடந்த பிறகு, கடலுக்கு அக்கரையில் உள்ள ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் அவளைச் சேர்த்தோம். கத்தியோ ஊசியோ இல்லாமல், வெளியிலிருந்தே அந்தக் கருவியின் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டுவார்கள். அது முடிந்த கையோடு பயிற்சியாளர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பந்தைப் பிடிக்க வைப்பார். அக்காவுக்கு வியர்த்துக் கொட்டும். சில மாதங்களில் கட்டைவிரல் விலகியது. அன்று எங்கள் பாகான் டாலாம் வீட்டில் அம்மா பாயசம் வைத்தார்.

அந்த மகிழ்ச்சியைத்தான் மையத்தின் உரிமையாளர் மோப்பம் பிடித்தார். விருந்தினர் கூட்டம் ஒன்றுக்கு எங்களை அழைத்தார். அக்கா கைத்தடியை ஊன்றி மாடிப்படி ஏறி வந்தாள். மேலே ஒரு சக்கர நாற்காலி அவளுக்காகக் காத்திருந்தது. வாழ்நாளில் அவள் அதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்து, கேமரா முன் எழுந்து நின்றால் போதுமாம். இதை அவர் அம்மாவிடம்தான் சொன்னார், அக்காவிடம் சொல்லவில்லை. அவள் கன்னத்தை மட்டும் கைக்குழந்தையைத் தட்டுவதுபோலத் தட்டினார். அந்தக் கையில் சென்ட் மணத்தது.

சிகிச்சை நின்றுவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். “கொஞ்ச நேரம்தானே, உக்காந்துக்கம்மா” என்று கெஞ்சினார். அக்கா உட்கார்ந்தாள். ஜாடை காட்டியதும் எழுந்தாள். கைதட்டல் எழுந்தது. நன்றி சொல்லச் சொல்லி உரிமையாளர் மைக்கை நீட்டினார்.

“நான் நடந்துதான்... வந்தேன். என் ஸ்டிக்க இவங்கதான்... எடுத்து வெச்சிருக்காங்க. கொஞ்சம் சரியானது... விரலுதான். அதுக்கு நானும் கஷ்டப்பட்டேன்.”

பாவம், உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று உரிமையாளர் ஆங்கிலத்தில் விளக்கினார். விருந்தினர்கள் கனிவோடு தலையாட்டிவிட்டு மீகோரெங் நூடுல்ஸ் தட்டுகளை நோக்கி நகர்ந்தார்கள். எனக்கு அந்தக் கனிவுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

அதன்பின் அவளுக்கு ஒதுக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மா பல நாள் அவளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. அரசு மருத்துவமனையில் பயிற்சி தொடர்ந்தது. அந்தக் கருவி அங்கே இல்லை. மற்ற விரல்கள் பாதியிலேயே நின்றுபோயின. கருவியின் மேல் எனக்குக் கோபமில்லை. அது இன்னொரு பிள்ளையின் கையைத் திறக்கட்டும்.

போன மாதம் இருவரும் ஃபெரிப் படகில் அக்கரைக்கு வேலைக்குப் போகும்போது அக்கா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். அந்த மையத்தின் விளம்பரம். நாற்காலியிலிருந்து அவள் எழுகிறாள்; உதடுகள் அசைகின்றன. அவள் குரலை எடுத்துவிட்டு வயலின் இசையைச் சேர்த்திருந்தார்கள்; கீழே ‘தேங்க்யூ’ என்று எழுத்து ஓடியது.

“பாத்தியா,” என்றாள் அக்கா. “நான் தேங்க்யூ... சொல்றேனாம்லா.”