கலைமதிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?

இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் கலைமதிக்குச் செக்கிங் வேலை. ஒரு கிளிப் சரியாக உட்காராவிட்டாலும் அடுத்த கைக்கு விடமாட்டாள். லைனில் அவளுக்குப் பெயரே 'ரிஜெக்ட்டு'. அப்படிப்பட்டவளின் உடம்பைத்தான் எந்த ஆஸ்பத்திரியும் சரியாகப் பார்க்கவில்லை. மாதம் முழுக்க உதிரப்போக்கு. ஒருநாள் ஷிஃப்டிலேயே மயங்கி விழுந்தாள்.

போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பதுதான். இல்லை என்றால் வயிற்றின் மேலே மட்டும் ஸ்கேன். உள்ளே வைத்துப் பார்ப்பது கல்யாணம் ஆனவர்களுக்குத்தானாம். "கட்டிக்கோம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பிரவீனாவோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள் அந்தக் கேள்விக்கு என்ன சொல்வாள்? ஊருக்கு அவர்கள் ரூம்மேட். உண்மை தெரிந்தால் வாடகை அறை நிலைக்காது.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பிரவீனாதான் வழி கண்டுபிடித்தாள். குன்றத்தூர்க் கோயில் கடையில் மஞ்சள் கயிறு வாங்கி வந்தாள்.

"இத்த கட்டிக்கினு போ. ஒரு கேள்வி வராது."

"யாரு கட்டுறது?"

"நான்தான். வேற எவன் வரப்போறான்?"

கலைமதி சிரித்துக்கொண்டேதான் கழுத்தை நீட்டினாள்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் கயிறு வேலை செய்தது. உள் ஸ்கேனில் கருப்பைக்குள் சதை வளர்ந்திருப்பது தெரிந்தது. எடுத்துவிட்டு டெஸ்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர்.

"உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்கக்கா. கையெழுத்து போடணும்லா," என்றாள் நர்ஸ் மாரிசெல்வி.

"அவரு துபாய்ல."

"அப்போ மாமியாரு?"

கலைமதி கூட வந்திருந்த பிரவீனாவைப் பார்த்தாள். பிரவீனா மின்விசிறியைப் பார்த்தாள். துபாய்க்காரனுக்கு ஒரு பெயர் வேண்டும், போன் நம்பர் வேண்டும், இப்போது ஒரு அம்மாவும் வேண்டும். கலைமதி கயிற்றைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"புருஷன்னு யாரும் இல்ல சிஸ்டர். இத்த கட்னது இவதான். இவகூடத்தான் குடும்பம் நடத்துறேன். அந்தச் சதைய எடுக்காம நான் போமாட்டேன்."

நாற்காலியை விட்டு அவள் எழவில்லை.

மாரிசெல்வி டாக்டரை அழைத்து வந்தாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் அவர்.

"நீங்க கல்யாணத்தத்தான கேட்டீங்க மேடம்."

டாக்டர் மேசைமேல் இருந்த கயிற்றை எடுத்து அவளிடமே கொடுத்தார். பிறகு, "சரிதான். தப்பு கேள்வியிலதான். கையெழுத்து நீ போட்டாப் போதும். கூட ஒரு ஆள் மட்டும் இருக்கணும்," என்றார்.

"நான் கீறேன்," என்றாள் பிரவீனா, அவர் முடிப்பதற்குள்.

சதையை எடுத்தார்கள். உதிரப்போக்கு நின்றது. ரிசல்ட் வந்த அன்று வராந்தா முழுக்கக் கூட்டம். மாரிசெல்வி கதவைத் திறந்து, எல்லார் காதிலும் விழும்படி கூப்பிட்டாள்: "கலைமதி, அவங்க வீட்டுக்காரங்க, ரெண்டு பேரும் உள்ள வாங்க."

காத்திருந்த புருஷன்மார் நடுவிலிருந்து பிரவீனா எழுந்தாள். டாக்டர் ரிசல்டைத் திருப்பிக் காட்டினார். பயப்பட ஒன்றுமே இல்லை.

வெளியே வந்ததும் பிரவீனாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. "வூட்டுக்காரங்கன்னு கூப்ட்டா, கேட்டியா?"

"கேட்டேன்," என்றாள் கலைமதி. "அப்போ வூட்டு வாடகை மொத்தம் இனிமே நீதான் கட்டணும்."